என் மருமகன் கை வெளுத்த கதை

என் மருமகன் தேவசகாயத்துக்கு வெள்ளைச் சட்டை என்றால் உயிர். அதைவிட உயிர் வெள்ளைக் கை. சட்டையை என் மகள் எஸ்தர் வெளுத்துப் போடுவாள். கையை அவரே வெளுத்துக்கொள்வார். சட்டையில் ஒரு கிழிசல் விழுந்தால் நாள் முழுக்கப் பேசுகிற மனுஷர், கை கிழிந்து ரத்தம் கசிந்தபோது வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளை என்பதால் மரியாதையாகத்தான் சொல்கிறேன்: மடத்தனத்தில் அவருக்கு இணை நம் பக்கத்தில் கிடையாது. அவர் வேலை பார்க்கிற ஃபேக்டரியில் மட்டும் நாலைந்து பேர் போட்டிக்கு இருந்தார்கள்.

அவருக்குச் சாய வேலை. ஏனாத்தூர் போகிற சாலையிலிருந்து உள்ளே ஒரு மண் ரோடு பிரியும். அதன் கடைசியில் கோதண்டபாணி முதலாளியின் கொட்டகை. தகரக் கூரை, வரிசையாகக் கொதிக்கிற தொட்டிகள். பட்டு நூல் வெள்ளையாக மூட்டையில் உள்ளே போகும். அரக்காகவும் கிளிப்பச்சையாகவும் மயில் கழுத்தாகவும் வெளியே வரும். கல்யாணப் பெண் கட்டுகிற புடவையைத் தொட்டுப் பார்த்து, என்ன ஜரிகை, எந்தத் தறி என்று விசாரிக்கிற ஜனங்கள், அந்தச் சிவப்பு யார் கையில் ஏறி இறங்கியது என்று கேட்பதே இல்லை. கேட்டாலும் எங்கள் மாப்பிள்ளை சொல்லியிருக்க மாட்டார்.

எஸ்தரைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே அப்படித்தான். என்ன வேலை என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, "கலர் செக்‌ஷன்" என்றார். வீட்டுக்காரர் அதை டிவி ரிப்பேர் கடை என்று நினைத்துக்கொண்டு, ஓடாமல் கிடந்த எங்கள் பெட்டியைக் காட்டினார். மாப்பிள்ளையும் அதை இரண்டு தட்டுத் தட்டி, உள்ளே ஏதோ போயிருக்கும் என்று முகத்தைச் சுளித்தார். நான் கையைத்தான் பார்த்தேன். சலவைக் கல்லில் போட்டு அலசியது போல அப்படி ஒரு வெளுப்பு. எழுதுகிற வேலையாக இருக்கும் என்று நானும் சந்தோஷப்பட்டேன். கல்யாணம் முடிந்த மறு வாரம்தான் எஸ்தர் வந்து சொன்னாள், அவருடைய நகக்கண்ணில் மட்டும் கிளிப்பச்சை இருக்கிறது என்று.

அந்த வெளுப்பு எப்படி வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், அதில்தான் எல்லாமே இருக்கிறது. சாயம் பிசகிப்போன நூலிலிருந்து நிறத்தைக் கழற்ற ஒரு வெள்ளைத் தூள் வைத்திருப்பார்கள். ஹைட்ரோஸ் என்று பேர். டப்பாவைத் திறந்தால் தீக்குச்சி கிழித்த வாடை மூக்கில் ஏறும். சாயங்காலம் வேலை முடிந்ததும் எல்லோரும் குழாயடியில் கூடுவார்கள். ஒரு மக்கில் வெந்நீர், அதில் ஒரு அள்ளு தூள், கையை விட்டு ஒரு தேய்ப்பு. அரக்கு போன இடம் தெரியாது. பிடிவாதமான நிறமாக இருந்தால் சலவைச் சோடாவும் சேரும். இதற்குக் கை வெளுப்பது என்று பேர். அங்கே வேலைக்குச் சேர்கிறவன் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான். சாயம் போடுவது அப்புறம்.

இந்தத் தூளைப் பட்டுக்குப் போடும்போது மேஸ்திரி வீராசாமி தராசு வைத்து நிறுப்பார். கொஞ்சம் கூடினாலும் பட்டு நைந்துவிடுமாம். கைக்குப் போடும்போது தராசு கிடையாது. பட்டுக்கு முதலாளி இருக்கிறார். தோலுக்கு யார் இருக்கிறார்கள்?

சாயக் கையோடு ஊருக்குள் போனால் ஜனங்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்பதும் உண்மைதான். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியை அந்தக் கையில் கொடுக்க மாட்டார்கள். குழந்தையைத் தூக்கப் போனால் தாய்க்காரி பின்னால் நகர்ந்துகொள்வாள். அதே ஜனங்கள் அந்தச் சாயத்தில் முக்கி எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டுதான் அந்தப் பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள். நூலில் இருந்தால் லட்சணம், கையில் இருந்தால் அழுக்கு.

அரிப்பு போன மழைக்காலத்தில் ஆரம்பித்தது, நான் மகள் வீட்டோடு வந்து இருக்கத் தொடங்கிய பிறகு. முதலில் விரல் இடுக்கில். பிறகு புறங்கை சிவந்து, தடித்து, உளுந்து வடை மேல்பாகம் போல ஆயிற்று. அதற்கப்புறம் வெடிப்பு. மாப்பிள்ளை அதற்குக் கண்டுபிடித்த காரணம் அரக்கு. மற்ற நிறமெல்லாம் அவருக்கு ஒத்துக்கொள்ளுமாம், அரக்கு மட்டும் ஆகாதாம். ஜாதகக்காரன் கிரகம் சொல்வது போலச் சொல்லுவார்: மஞ்சள் நல்லது செய்யும், பச்சை நடுநிலை, அரக்கு பகை. ஆகவே பகையை உடம்பில் தங்க விடக் கூடாது என்று முன்பு ஒரு தடவை வெளுத்த கையை இரண்டு தடவை வெளுத்தார். அரிப்பு கூடியது. அரக்கின் வேலையைப் பார்த்தாயா என்று தூளையும் கூட்டினார்.

வைத்தியம் சொல்ல ஊரில் ஆளுக்கா பஞ்சம். எதிர்வீட்டுப் பெரியநாயகி இது நாகதோஷம் என்று அடித்துச் சொன்னாள். மாகறல் கோயிலுக்குத் திங்கட்கிழமை போய்வா, நீ சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன் என்றால் வாசலில் நின்றாவது கும்பிட்டுக்கொள் என்றாள். எங்கள் பாஸ்டர் ஜெபம் பண்ணி எண்ணெய் தடவினார். மாப்பிள்ளை யார் மனமும் நோகக் கூடாது என்று இரண்டையும் செய்தார். கூரம் கிராமத்திலிருந்து அவருடைய சித்தி குப்பைமேனியை உப்பு வைத்து அரைத்துக்கொண்டு வந்தாள். வெடித்த கையில் உப்பு பட்டதும் அவர் போட்ட சத்தத்தில் சித்தி சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டாள்.

கடைசியில் மருந்துக் கடையில் ஒரு டியூப் கொடுத்தார்கள். அரிப்பா, படையா, வேர்க்குருவா என்று கேட்கக்கூட இல்லை; எல்லாவற்றுக்கும் அதே டியூப்தானாம். தடவினால் உடனே சிவப்பு வாடிவிடும். மாப்பிள்ளைக்குப் பெருமை தாங்கவில்லை. சட்டைப் பையில் பேனா போலச் செருகிக்கொண்டு, ஃபேக்டரியில் யாராவது சொறிவதைப் பார்த்தால் வெற்றிலை கொடுப்பது போல எடுத்து நீட்டுவார். அதைத் தடவித் தடவிக் கையின் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்துவிட்டது. நிறுத்தினால் முன்பைவிட அதிகமாகப் பொங்கியது. சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டார். சட்டைப் பட்டனை எஸ்தர் போட்டுவிட்டாள். அப்போதும் சாயங்காலம் குழாயடிக்குப் போய்க் கையை வெளுக்காமல் வந்தது கிடையாது.

ஃபேக்டரியில் குடிதண்ணீர் கேனும், அதற்குச் சங்கிலியில் கட்டிய ஒரு டம்ளரும் உண்டு. ஒருநாள் மேஸ்திரி வீராசாமி அந்த டம்ளரைக் கழற்றி எடுத்து வைத்துக்கொண்டு, தேவசகாயம் இனிமேல் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவரட்டும், இது ஒட்டுகிற வியாதி என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாராம். மறுநாள் மாப்பிள்ளை தொட்ட கோலை யாரும் தொடவில்லை. கோல் என்றால் நூலைத் தொங்கவிட்டுத் தொட்டியில் திருப்புகிற தடி. ஆளுக்கு ஆள் நகர்ந்து நிற்க, பெரிய தொட்டியில் அவர் ஒருத்தராகக் கிடந்து திருப்பியிருக்கிறார்.

முதலாளி கோதண்டபாணி நல்லவர். அதாவது, அவரே அப்படித்தான் சொல்லுவார். நாமெல்லாம் ஒரே குடும்பம் என்பது அவர் வாயிலிருந்து காலையிலும் மாலையிலும் வரும். வெளிநாட்டுக்குத் துணி அனுப்புகிற ஏதோ ஒரு கம்பெனியிலிருந்து கொட்டகையைப் பார்வையிட ஆட்கள் வருவதாக இருந்தது. அதற்கு முதல்நாள் அந்தக் குடும்பத்தில் ஒருத்தரான எங்கள் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, உடம்பு தேறுகிற வரைக்கும் வீட்டில் இரு என்று அனுப்பிவிட்டார். வைகாசி மாதக் கல்யாண நூல் வந்து இறங்குவதற்குள் கை தேறவில்லை என்றால் பெரிய தொட்டி விமல்ராஜுக்கு என்றும் சொல்லிவிட்டார். விமல்ராஜ் போன வருஷம் சேர்ந்த பையன், நல்ல பிள்ளைதான். அரக்கு போடச் சொன்னால் கத்திரிக்காய் நிறத்தில் எடுப்பான். ஆனால் கை சுத்தமாக இருந்தது.

மாப்பிள்ளை வீட்டில் வந்து உட்கார்ந்தார். அவர் படித்தது குறைவு, வேறு தொழில் தெரியாது. வயசு நாற்பதைத் தாண்டியாயிற்று. இந்தக் கையைப் பார்த்து வேறு எவரும் வேலைக்குக் கூப்பிடப் போவதும் இல்லை. இது போனால் அவ்வளவுதான் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது, யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. அவர் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அரக்கு என்னை முடிச்சிடுச்சி அத்தே" என்றார்.

இனிமேல் இவர் பேச்சைக் கேட்டால் ஆகாது என்று நானும் எஸ்தரும் சேர்ந்து பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனோம். தோல் டாக்டர் ஒரு சின்னப் பெண், பிரியதர்ஷினி என்று பேர். அந்த அறையில் மின்விசிறி சுற்றியதைவிட அவர் கண் வேகமாகச் சுற்றியது. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், விரல் இடுக்கை விரித்துப் பார்த்தார், காலைக் காட்டச் சொன்னார். மாப்பிள்ளை டியூப்பை எடுத்து நீட்டினார். செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவது போல அதை வாங்கிக் குப்பைக் கூடையில் போட்டார் டாக்டர். என்ன வேலை என்று கேட்டார். சாயம் என்றதும், வேலை முடிந்து கையை எதில் கழுவுவீர்கள் என்று கேட்டார்.

மாப்பிள்ளை, முதல் பெஞ்சில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்கிற முகத்தோடு, "சோப்பும்மா" என்றார்.

கம்பெனித் தூளை எடுக்கிறோம் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்பது அங்கே எல்லோருக்கும் கட்டுப்பாடு. அது ஒரு காரணம். இன்னொன்று, கையைச் சுத்தமாக வைத்திருப்பதில் தப்பு இருக்கும் என்று அவருக்கு அப்போதும் தோன்றவில்லை. டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டு, அப்படியானால் சாயமே உங்களுக்கு ஆகவில்லை, இந்த வேலையை விட்டுவிடுவதுதான் நல்லது என்று சொல்லி எழுதக் குனிந்தார். மாப்பிள்ளையின் முகம் சாயம் போன நூல் மாதிரி ஆயிற்று. அப்போதும் தலையைத்தான் ஆட்டினார், அந்த மகாராஜன். நான் அவர் தொடையில் கிள்ளினேன். பிரயோஜனம் இல்லை.

எஸ்தர்தான் பொறுக்க மாட்டாமல் முன்னால் வந்தாள்.

"எழுதாதீங்க டாக்டரம்மா. இவரு சோப்பைக் கண்ணால பாத்தே வருஷக்கணக்கா ஆவுது. நூல்ல இருக்கிற சாயத்தைக் கழட்டுற தூளையும் சோடாவையும் போட்டு டெய்லி கையைத் தேய்ச்சிக்கினு இருக்காரு. சனிக்கிழமைன்னா ரெண்டு தபா, மறுநாள் சர்ச்சுக்குப் போவணும்ல."

டாக்டரின் பேனா நின்றது. எந்தத் தூள் என்று கேட்டார். மாப்பிள்ளை மேஜைக்கு அடியில் சொல்வது போல ஹைட்ரோஸ் என்றார்.

"பட்டுக்கு அதை எவ்ளோ போடுவீங்க?"

"நிறுத்துத்தாம்மா போடுவோம். கூடிச்சின்னா நூல் நைஞ்சிடும்."

"நூல் நையும். உங்க கை நையாதா?"

மாப்பிள்ளை எங்களைத் திரும்பிப் பார்த்தார். இந்தக் கேள்வியை யாரும் இதுவரை கேட்டதில்லையே என்கிற பார்வை. நாங்கள் தினமும் வேறு வார்த்தையில் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். நாங்கள் வெள்ளைக் கோட்டு போடவில்லை, அவ்வளவுதான்.

டாக்டர் கோபப்படாமல் பிரித்துச் சொன்னார். தோலுக்கு மேலே இயற்கையாக ஒரு எண்ணெய்ப்பசை இருக்கிறது. தூளும் சோடாவும் அதை வழித்தெடுத்துவிட்டன. கூரை பிரிந்த வீட்டில் மழை இறங்குகிற மாதிரி, அப்புறம் சாயம், வெந்நீர், வியர்வை எது பட்டாலும் எரிகிறது. அரித்ததும் சாயம் என்று நினைத்து இன்னும் தேய்த்தீர்கள், தேய்த்ததால் இன்னும் அரித்தது. இது ஒட்டுகிற நோய் இல்லை, யார் டம்ளரில் வேண்டுமானாலும் தண்ணீர் குடிக்கலாம். தூளை இன்றோடு விட வேண்டும். சாதாரணக் குளிக்கிற சோப்பு, ஆறின தண்ணீர், துடைத்ததும் வாசலினோ தேங்காயெண்ணெயோ. புண் ஆறும்வரைக்கும் தொட்டிப் பக்கம் போகக் கூடாது. அப்புறம் போனால் முழங்கை வரைக்கும் நீளமான ரப்பர் உறை, அதற்கு உள்ளே பருத்தி உறை. உறைக்குள் தண்ணீர் போனால் உடனே கழற்ற வேண்டும், நனைந்த உறைக்குள் கை ஊறுவது வெறும் கையைவிட மோசம். இவ்வளவும் செய்த பிறகும் திரும்பினால் முதுகில் சின்னச் சின்ன ஒட்டு வைத்துப் பரிசோதித்து, எந்தச் சாயம் ஆகவில்லை என்று பார்க்கலாம். வேலையை விடுவதைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.

மாப்பிள்ளைக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது.

"அப்போ கையில சாயம் அப்படியேவாம்மா இருக்கும்?"

"இருக்கும். தோல் உரிஞ்சு தானா போவும். சாயக் கையோட யாரும் செத்ததில்லை."

செத்திருந்தால் தேவலை என்பது போல உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் இருந்த நாட்களில் அவர் பட்ட பாட்டைவிட எங்களைப் படுத்திய பாடு அதிகம். டாக்டர் கொடுத்த களிம்பைத் தடவிக்கொண்டு, இரண்டு கையையும் ஏந்தினாற்போல வைத்துக்கொண்டு வீட்டுக்குள் உலாத்துவார். கதவைத் திறக்க ஒருத்தர், விசிறியைப் போட ஒருத்தர். ஆனால் கை ஆறியது. முதலில் வெடிப்பு மூடியது, பிறகு தடிப்பு இறங்கியது. அரிப்பு கொஞ்சம் மிச்சம் இருந்தது. எஸ்தர் பழைய பனியன்களை வெட்டி, உள்ளே போட்டுக்கொள்ளப் பருத்தி உறைகள் தைத்தாள். கல்யாண நூல் வந்து இறங்கிவிட்டது என்று தெரிந்ததும் மூன்று பேரும் கிளம்பினோம். நான் எதற்கு என்று மாப்பிள்ளை கேட்டார். பதில் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

கொட்டகையில் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை கையைக் காட்டினார், டாக்டர் சொன்னதையும் சொன்னார். முதலாளி நல்லவர் அல்லவா, அதனால் பதிலை மேஸ்திரி பக்கம் தள்ளிவிட்டார். வீராசாமி பழைய பாட்டையே பாடினார்: ஒட்டுகிற வியாதி, ஆட்கள் பயப்படுகிறார்கள், இவன் வந்தால் நாளைக்கு யாரும் வேலைக்கு வர மாட்டார்கள்.

வெயில் காந்துகிறது, தொட்டி கொதிக்கிறது, எல்லோரும் பனியனோடு நிற்கிறார்கள். வீராசாமி மட்டும் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டுப் பட்டனைப் போட்டுக்கொண்டு நின்றார். எஸ்தர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மேஸ்திரிண்ணே, அந்தச் சட்டைக் கையைக் கொஞ்சம் மடிச்சு உடுங்களேன்."

"எதுக்கும்மா? எனக்குக் குளிருது."

"இந்த அடுப்புக்குப் பக்கத்துலயா?"

யாரோ சிரித்தார்கள். வீராசாமி பட்டனைக் கையால் மூடிக்கொண்டார். சிரித்த ஆளே, முனிசாமி என்று நூல் உலர்த்துகிறவர், மெதுவாக முன்னால் வந்து தன் கணுக்காலைக் காட்டினார். அங்கே அதே தடிப்பு. குழாயடியில் தூள் தண்ணீர் தினமும் வழிந்து காலில் ஓடுகிற இடம் அது. அடுத்தவர் விரல் இடுக்கைக் காட்டினார். விமல்ராஜ் கூடத் தன் சுத்தமான கையைத் திருப்பினான். மணிக்கட்டில் ஒரு சிவப்பு வளையம் போட்டிருந்தது. அரிப்பு ஒட்டிக்கொண்டதா, எல்லோரும் ஒரே மக்கில் கையை விட்டார்களா என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. ஆளுக்கொரு டியூப்பை ஒளித்து வைத்துக்கொண்டு என் மருமகனை மட்டும் தள்ளி வைத்திருக்கிறார்கள். கடைசியில் வீராசாமியே பட்டனைக் கழற்றினார். முழங்கை வரைக்கும் ஏறியிருந்தது. அவர் தடவிய டியூப்பும் மாப்பிள்ளை கொடுத்ததுதானாம்.

முதலாளி டீயைக் கீழே வைத்துவிட்டு எல்லோர் கையையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் கணக்கில் கெட்டிக்காரர். தோல் வியாதிக்காரர்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பினால் கொட்டகையில் மிச்சம் இருப்பது அவரும் அவருடைய நாற்காலியும்தான் என்பது புரிந்தது. அரக்குத் தொட்டி கொதித்துக்கொண்டிருந்தது. முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய நூல் நனைந்து கோலில் தொங்கிக்கொண்டிருந்தது. சரி, தேவசகாயம் வேலையில் இறங்கட்டும் என்றார்.

நாங்கள் மூச்சு விட்டோம். மாப்பிள்ளை சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். எஸ்தர் தைத்த உறைகளைப் போட்டுக்கொண்டார். அதற்கு மேலே போட ரப்பர் உறை எங்கே என்று கேட்டார்.

முதலாளி பெருமையோடு சுவரைக் காட்டினார். கண்ணாடி பீரோ ஒன்று, அதற்குள் நீளமான ரப்பர் உறைகள் சாமி படம் மாதிரி வரிசையாக மாட்டியிருந்தன. பார்வையிட வருகிறவர்கள் பார்ப்பதற்கு. பீரோவுக்குப் பூட்டு. சாவி, முதலாளியின் மகன் அஜித்திடம். அஜித் சென்னையில்.

"இன்னைக்கு ஒரு நாளு அப்படியே எறங்குப்பா. நாளைக்கு சாவி வந்துடும்."

மாப்பிள்ளை தன் பருத்தி உறையைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். இந்த மனுஷர் ஆயுசில் யாரிடமும் மாட்டேன் என்று சொன்னதில்லை. நாகதோஷத்துக்கும் தலையை ஆட்டினார், எண்ணெய்க்கும் தலையை ஆட்டினார். பக்கத்தில் விமல்ராஜ் நின்றிருந்தான். இவர் நகர்ந்தால் கோலைப் பிடிக்க ஒரு நொடி ஆகாது. கைக்கு வந்த வேலை கையைவிட்டுப் போகிற இடம் அதுதான். 

"இன்னைக்கு உடுறதும் என் கைதானே மொதலாளி" என்றார். சொல்லிவிட்டு இரண்டு கையையும் கட்டிக்கொண்டு தொட்டிக்கு ஒரு முழம் தள்ளி நின்றார்.

முதலாளி விமல்ராஜைப் பார்த்தார். விமல்ராஜ் தன் மணிக்கட்டைப் பார்த்தான். பிறகு அவனும் கையைக் கட்டிக்கொண்டான். முனிசாமி உலர்த்துகிற கயிற்றைச் சரி பார்க்கிற மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டார். வீராசாமி அடுப்பைத் தணிக்கப் போய்விட்டார்.  ஒரே குடும்பம் என்று முதலாளி தினமும் சொன்னதை அன்றைக்குத்தான் எல்லோரும் நம்பினார்கள்.

கடைசியில் முதலாளியே ஒரு இரும்புக் கம்பியை எடுத்துவந்து பூட்டை நெம்பினார். பூட்டு நல்ல பூட்டு, உடையவில்லை, கண்ணாடிதான் உடைந்தது. கையை விட்டு ஒரு உறையை இழுத்தார். வருஷக்கணக்காகத் தகரக் கூரைச் சூட்டில் வெந்து கிடந்த ரப்பர், பழைய தோசை மாதிரிப் பிய்ந்து பாதி அவர் கையிலும் பாதி ஆணியிலும் நின்றது. அடுத்ததும் அப்படித்தான். ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஊருக்குள்ளே கடைக்கு ஆள் அனுப்பினார்கள். நீள உறை கிடைத்து வந்து சேர உச்சி வெயில் ஆயிற்று. மாப்பிள்ளை பனியன் துணி உறைக்கு மேலே அதைப் போட்டு, தண்ணீர் உள்ளே வழியாமல் விளிம்பை மடித்துவிட்டுக்கொண்டார். பிறகு கோலைப் பிடித்தார். நாங்கள் கிளம்பிவிட்டோம். தொட்டியைத் திருப்ப ஆரம்பித்தால் அவருக்கு நாங்கள் யார் என்றே தெரியாது.

சாயங்காலம் நடந்ததை அவரே பிறகு சொன்னார். குழாயடியில் புதிதாக ஒரு குளிக்கிற சோப்பு இருந்ததாம். முதலாளி வாங்கி வைத்தது. அதற்கு மேலே ஒரு போர்டு மாட்டுவதாகவும் சொல்லியிருக்கிறாராம். எல்லோரும் சோப்பு போட்டுக் கழுவினார்கள். வீராசாமியும் கழுவினார். கழுவிவிட்டுக் கையைப் பார்த்து மனசு கேட்காமல், இன்றைக்கு மட்டும் என்று ஒரு சிட்டிகைத் தூளை எடுக்கப் போனாராம். முனிசாமி டப்பாவின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாராம்.

மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். உறை போட்டாலும் நிறம் சரியாக ஏறிவிட்டதா என்று பார்க்க நூலை வெறும் விரலால் பிழிந்து பார்த்தாக வேண்டும். அதனால் பத்து விரல் நுனியும் மருதாணி வைத்த மாதிரி அரக்கு, மணிக்கட்டில் பச்சையாக ஒரு கோடு. வெள்ளைச் சட்டை. அந்தக் கையை முன்னால் தொங்கவிட்டுக்கொண்டு தெரு முழுக்க நடந்து வந்திருக்கிறார். எஸ்தர் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்தவள், கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"இந்தக் கையோடவாயா பஸ்ஸுல வந்தே?"

"பின்ன, கையை ஃபேக்டரியிலேயே வெச்சிட்டா வர முடியும்?" என்றார் மாப்பிள்ளை. உட்கார்ந்து, கரண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, சோற்றைப் போடச் சொன்னார்.